கம்பம் வண்டி லேட்

கம்பத்துக்கு ரயில் பாதை போட மறுபடியும் அளக்க வந்திருக்கிறார்கள் என்று, தேனி ஸ்டேஷனில் வேலை பார்க்கும் இளவட்டங்கள் போன வாரம் வீட்டுக்கு வந்து சொன்னார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "ஐயா, கம்பத்துக்கு அந்தக் காலத்துலயே வண்டி ஓடுச்சுன்னு ஒரு பேச்சு இருக்கே, அது நெசமா? நீங்கதான் அதுக்கு மாறுற ஸ்டேஷன்ல இருந்தீகளாம். நம்ம ரயில்வே சங்கத்து மலருக்கு எழுதிக் குடுங்க" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுதினால் யாராவது பழைய ஃபைலைத் தூசி தட்டி எடுப்பார்களோ என்று பயம். எழுதாவிட்டால் இவர்களாகவே கன்னாபின்னாவென்று எதையாவது எழுதிவிடுவார்களோ என்று அதைவிடப் பயம். ஆகவே நானே எழுதுகிறேன். ஸ்டேஷன் பெயரை மட்டும் எழுதமாட்டேன். தேனிக்கும் போடிக்கும் நடுவில் ஓரிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்ட கேள்விக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பத்துக்கு ரயில் ஓடவில்லை. வண்டி ஓடியது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் உத்தியோகம் மாட்டிக்கொண்டு கிடந்தது.

நான் ஐந்தாவதோடு நின்றவன். கிணற்றில் மாடு பூட்டிக் கமலை இறைக்க ஆள் இல்லை என்று எங்கள் ஐயா பள்ளிக்கூடத்து வாசலிலிருந்தே கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிட்டார். கமலை மாட்டுக்குப் பின்னால் நடக்கும்போதும் வடம் அறுந்துவிடுமோ என்று ஒவ்வொரு சாலுக்கும் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். மதுரையிலிருந்து போடிக்கு ரயில் பாதை போட்டபோது ஜல்லி சுமக்கப் போனேன். பாதை முடிந்ததும் சிலரைப் பொறுக்கி வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். மதுரையில் கொஞ்ச நாள் பயிற்சி; கொடி பிடிக்கவும் விளக்கு துடைக்கவும் சொல்லிக்கொடுத்து, பாயிண்ட்ஸ்மேன் என்று ஒரு பித்தளைப் பட்டையைச் சட்டையில் குத்தி அனுப்பிவிட்டார்கள்.

பாயிண்ட்ஸ்மேன் வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்டேஷனுக்குள் ஒரு தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம் உண்டு. வருகிற வண்டி எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் தண்டவாளத்தின் நாக்கைத் தள்ளி, ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்து, பூட்டி, சாவியைக் கொண்டுவந்து ஸ்டேஷன் மாஸ்டர் மேஜையில் வைக்க வேண்டும். நான் சாவியை வைத்துவிட்டு, பூட்டினேனா என்று சந்தேகம் வந்து ஓடிப்போய் இழுத்துப் பார்த்துவிட்டு வருவேன். வந்ததும் மறுபடி சந்தேகம். வண்டி ஒன்றுக்கு நான்கு நடை. மாஸ்டர் ஒன்றும் சொல்லமாட்டார். நாலாவது நடை முடிந்த பிறகுதான் மணியடிக்கச் சொல்வார்.

அவர் பெயர் தேவசகாயம். திருநெல்வேலிப் பக்கம். கோடையிலும் கழுத்துப் பொத்தான் வரை போட்ட கறுப்புக் கோட்டு. கோபம் வந்தால் திட்டமாட்டார், பென்சில் சீவுவார். மேல் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தால் உட்கார்ந்து படிக்கமாட்டார், எழுந்து நின்றுதான் படிப்பார். யார் என்ன சொன்னாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "எழுத்துல இருக்கா வே?" வாயால் சொன்னது எதையும் அவர் நம்பியதில்லை. எழுத்தில் வந்த எதையும் சந்தேகப்பட்டதும் இல்லை.

அப்படிப்பட்டவரிடம்தான் அந்தப் பெயர்ப்பலகை வந்து சேர்ந்தது.

அந்த நாளில் கம்பத்துக்கு ஒரு கிளைப் பாதை போடுவதாகப் பேச்சு. அளந்து, கல் எல்லாம் நட்டுவிட்டுப் போனார்கள். பாதை வரவில்லை. பலகை வந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் 'ஜங்ஷன்' என்று கொட்டை எழுத்து. கீழே, 'கம்பம் செல்வோர் இங்கே மாறவும்.' கூடவே ஒரு கட்டு: ஒரு ஜோடிப் புதுக்கொடி, ஒரு பெஞ்சு, ஜங்ஷன் ஸ்டேஷன்களுக்கென்றே அச்சடித்த ஒரு பெரிய ரிஜிஸ்டர்.

"ஐயா, கம்பத்துக்குத்தான் ரயில் லயனே இல்லையே" என்றேன்.

"லயன் இல்லன்னு எழுத்துல இருக்கா வே?"

"இல்லீங்க."

"மாறவும்னு எழுத்துல இருக்கு. நடும்."

நட்டோம். ஜங்ஷன் என்றால் வண்டி நிற்கும்போது பாயிண்ட்ஸ்மேன் கூவ வேண்டும் என்று விதி. "கம்பம் வண்டிக்கு மாறுறவுக எல்லாம் எறங்கிக்கங்க" என்று மறுநாளிலிருந்து நான் பெட்டி பெட்டியாகக் கூவிக்கொண்டு போனேன். கூவாவிட்டால் வேலை போய்விடும் என்று பயம். கூவினால் யாராவது இறங்கிவிடுவார்களே என்றும் பயம். இறங்கத்தான் செய்தார்கள். உள்ளூர்க்காரர்கள் சிரித்துக்கொண்டு பெட்டியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அசலூர்க்காரர்கள் மூட்டையும் முடிச்சுமாக இறங்கி, ரயில் போன பிறகு, "எங்கப்பா கம்பம் வண்டி?" என்று என்னைப் பார்ப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு பாயிண்டைப் பூட்டப் போய்விடுவேன். அது ஏற்கெனவே பூட்டித்தான் இருக்கும்.

அவர்களைக் காப்பாற்றியது வீராயி அக்கா.

வீராயி அக்காவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். புருஷன் வண்டியிலிருந்து விழுந்து இடுப்பு போனவர். வீட்டில் சும்மா கிடந்த கூட்டு வண்டியை அந்த அம்மாளே பூட்டி ஓட்ட ஆரம்பித்துவிட்டது. பொம்பளை வண்டி ஓட்டுவதா என்று ஊரில் நாலு பேர் கேட்டார்கள். "மாடு கேக்கலயே, ஒனக்கென்ன?" என்று சொல்லிவிட்டது. எங்கள் ஸ்டேஷனிலிருந்து குறுக்கே ஓடையைத் தாண்டிப் போனால் வீரபாண்டி. அங்கே ரோட்டில் கம்பம் போகும் பஸ் நிற்கும். நான் கூவி இறக்கிவிடுகிற சனத்தை வீராயி அக்கா ஏற்றிக்கொண்டுபோய் பஸ்ஸில் சேர்க்கும். அந்தப் பக்கமிருந்து போடிக்குப் போகிறவர்களைக் கொண்டுவந்து ரயிலில் சேர்க்கும். ஆறே மாதத்தில் ஊரே அதைக் 'கம்பம் வண்டி' என்று சொல்ல ஆரம்பித்தது. எனக்கு நிம்மதி. கூவுவது பொய் இல்லை என்று ஆகிவிட்டது.

இனிமேல்தான் நான் செய்த தப்பு.

அந்த ஜங்ஷன் ரிஜிஸ்டரில் இங்கிலீஷில் கட்டம் கட்டமாக இருக்கும். அதில் ஒரு கட்டத்தில் மாஸ்டர் தினமும் ஒன்றுமில்லை என்று ஒரு கோடு போட்டுவந்தார். ஒரு தடவை அவர் தகப்பனார் காரியத்துக்காக ஊருக்குப் போனார். பதிலுக்கு வந்த மாஸ்டர், வயிற்றுக் கடுப்புக்காரர். ஸ்டேஷனில் இருந்த நேரத்தைவிட ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த நேரம் அதிகம். ரிஜிஸ்டரை என் கையில் தந்துவிட்டார். "எனக்கு இங்கிலீஷ் வராதுங்க. இந்தக் கட்டத்துல என்ன எழுதணும்?" என்று கேட்டேன். அவர் அவசரமாகப் போய்க்கொண்டே, "கம்பம் வண்டி வந்த நேரம்" என்றார்.

அவர் சொன்னது ரயிலை. நான் நினைத்தது வீராயி அக்காவை. எங்கள் பக்கம் ரயிலுக்கும் வண்டி என்றுதான் பெயர், மாடு பூட்டினதற்கும் வண்டி என்றுதான் பெயர். எழுதினேன். ஏழு நாற்பதுக்கு வர வேண்டியது, ஏழு நாற்பத்தெட்டுக்கு வந்தது. மறுநாள் ஏழு ஐம்பது. கடிகாரத்தை மூன்று முறை பார்த்துப் பார்த்து எழுதினேன்.

தேவசகாயம் ஐயா திரும்பி வந்து ரிஜிஸ்டரைத் திறந்தார். நான் எழுதியதைப் பார்த்தார். மேஜை டிராயரைத் திறந்து பென்சிலை எடுத்தார். சீவினார். முழுப் பென்சில் பாதியாகிவிட்டது.

"தப்புன்னா அடிச்சுரட்டுங்களாய்யா?" என்று கேட்டேன்.

"ரிஜிஸ்டர்ல எழுதுனத அடிக்கக் கூடாது வே. அடிச்சா ஏன் அடிச்சேன்னு எழுதணும். ஏன்னு எழுதுனா, ஏன் எழுதுனீர்னு கேப்பாங்க." பென்சிலைக் கீழே வைத்தார். "இனிமே நீரே எழுதும். ஒரு நிமிஷம் கூடக் கொறச்சு எழுதக் கூடாது."

அதோடு முடியவில்லை. அந்த ரிஜிஸ்டரின் முதல் பக்கத்தில் ஒரு விதி இருந்தது. இணைப்பு வண்டி தாமதமானால் மெயின் வண்டியும், மெயின் வண்டி தாமதமானால் இணைப்பு வண்டியும் பத்து நிமிஷம் வரை காத்திருக்க வேண்டும். இணைப்பு வண்டி வருவதாக எழுத்தில் ஏறிவிட்டதல்லவா? அன்றிலிருந்து போடி ரயில் எங்கள் ஸ்டேஷனில் வீராயி அக்காவுக்காகக் காத்திருந்தது. எஞ்சின் டிரைவர் முதலில் கத்தினார். பிறகு அந்தப் பத்து நிமிஷத்தில் இறங்கி, வேப்பமரத்தடியில் சுக்குக் காப்பி குடிக்கப் பழகிக்கொண்டார். காப்பி ஆறுவதற்குள் வண்டி வந்துவிட்டால் அவருக்குக் கோபம் வரும்.

தினசரி அறிக்கையில் 'தாமதத்துக்குக் காரணம்' என்ற இடத்தில், 'கம்பம் வண்டி லேட்' என்று போகும். ஒரு வருஷம் மேல் ஆபீஸ் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் ஒரு மெமோ வந்தது. மாஸ்டர் எழுந்து நின்று படித்தார். கம்பம் இணைப்பு வண்டி தொடர்ந்து தாமதமாக வருகிறது. அதன் டிரைவரின் பெயரையும், அவரிடமிருந்து எழுத்து மூலம் விளக்கத்தையும் உடனே அனுப்பவும்.

எனக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பொன்னுத்தாயியின் ஐயா தேவதானப்பட்டிக்காரர். காடு கரை உள்ள மாப்பிள்ளைகள் வரிசையில் நிற்க, ரயில்வே உத்தியோகம் என்ற ஒன்றுக்காகவே எனக்குப் பெண்ணைக் கொடுத்தவர். "மாப்ள, வேலை போச்சுன்னா எம்பொண்ண நான் கூட்டிட்டுப் போயிருவேன்" என்று கல்யாணப் பந்தியில் எல்லாருக்கும் கேட்கச் சொல்லிச் சிரித்தார். பந்தியே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மெமோவைப் பார்த்ததும் பொன்னுத்தாயி பெட்டியும் கையுமாக நிற்பதுபோலவே எனக்குத் தெரிந்தது.

மெமோவை எடுத்துக்கொண்டு வீராயி அக்காவிடம் போனேன். அக்கா மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒங்க மேல கம்ப்ளைண்ட் வந்திருக்கு. ஏன் லேட்டா வாரீகன்னு மேல எடத்துல கேக்குறாக."

"யாருலே கேக்குறது?"

"மதுரையில."

"மதுரையில இருக்கவனுக்கு நான் லேட்டா வந்தா என்னலே? அவனா வீரபாண்டிக்குப் போறான்?"

"எழுத்துல பதில் வேணுமாம்க்கா. நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

"எழுதிக்க. மயிலக் காள ஓடையக் கண்டா நின்டுரும். தண்ணி குடிச்சாத்தேன் நகரும். குடிச்சு முடிச்சுட்டு இங்கிட்டு ஒரு தரம் அங்கிட்டு ஒரு தரம் பாக்கும். அப்பறந்தேன் கெளம்பும். அடிச்சா படுத்துக்கிரும். இதுக்கு மேல மதுரைக்காரனுக்குச் சந்தேகம்னா இங்கன வந்து மாட்டுக்கிட்ட கேக்கச் சொல்லு."

எழுதிக்கொண்டு வந்தேன். மாஸ்டர் அதை இங்கிலீஷில் மாற்றினார். அவர் பொய் எழுதுகிறவர் அல்ல. ஆனால் கேட்காததை எழுதுகிறவரும் அல்ல. ஓடையருகே தண்ணீருக்காக நிற்கிறது, தண்ணீர் எடுக்காமல் நகராது, நிர்ப்பந்தித்தால் முற்றிலும் நின்றுவிடுகிறது என்று எழுதினார். டிரைவர் பெயர் வீராயி என்றும் எழுதினார். மாட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பதில் வந்தது. திருவாளர் வீரையாவின் விளக்கம் பெறப்பட்டது. அங்கீகாரம் இல்லாத இடத்தில் தண்ணீர் பிடிப்பது விதிக்கு விரோதம். முதல் எச்சரிக்கை. இனி ஸ்டேஷனிலேயே தண்ணீர் பிடித்துக்கொள்ள இரும்புத் தொட்டி அனுப்பப்படுகிறது.

தொட்டியும் வந்தது. எட்டு ஆள் பிடித்து இறக்கினோம். வேப்பமரத்தடியில் வைத்தோம். வீராயி அக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்து, "பரவாயில்லையே, மாட்டுக்குன்னு கேட்டதுக்கு மறுக்காம அனுப்பிருக்காகளே. நல்ல மனுசருக" என்றது. மயிலைக்காளை தொட்டியிலும் குடித்தது. ஓடையிலும் குடித்தது. லேட் குறையவில்லை. அடுத்த கடிதம் வீரையாவின் சீருடை அளவு கேட்டு வந்தது. அதற்கடுத்து, கம்பம் வண்டியை நேரில் பார்வையிட டிராபிக் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று வந்தது.

அந்த ஒரு வாரம் நான் எப்படியிருந்தேன் என்று எழுத எனக்குச் சொல் வராது. பொன்னுத்தாயி, "என்னத்துக்கு இப்பிடி வெரண்டு போயி கெடக்கீக? தப்பா எழுதுனீகளா?" என்று கேட்டாள். "இல்ல. சரியாத்தேன் எழுதினேன். அதான் பயமா இருக்கு" என்றேன்.

இன்ஸ்பெக்டர் காலை ரயிலில் வந்தார். வெள்ளை டிரில் சூட்டு, தலையில் தொப்பி, கையில் தோல் பை. பட்டணத்துத் தமிழர். அன்றைக்குப் பார்த்து ரயிலே இருபது நிமிஷம் தாமதம். அப்படியும் வீராயி அக்காவைக் காணோம்.

"கம்பம் வண்டி எங்கே நிற்கும்?" என்று கேட்டார்.

"தொட்டிகிட்ட, ஸார்" என்றார் மாஸ்டர்.

"இன்னும் வரவில்லையா? மெயின் வண்டியை நிறுத்தி வையுங்கள். விதி இருக்கிறது." கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். பெட்டிக்குப் பெட்டி தலைகள் நீட்டிப் பார்த்தன. எஞ்சின் டிரைவர் காப்பி குடிக்க இறங்கவில்லை. அன்று ஒருநாள்தான் அவர் இறங்காதது. ஐந்து நிமிஷம் ஆயிற்று. இன்ஸ்பெக்டர் கையைக் காதருகே வைத்துக் கேட்டார்.

"எஞ்சின் சத்தமே கேட்கவில்லையே."

"சத்தம் கம்மி, ஸார்" என்றார் மாஸ்டர்.

எட்டாவது நிமிஷம் சலங்கைச் சத்தம் கேட்டது. புளியமரங்களுக்குள்ளிருந்து வண்டி வெளியே வந்தது. இன்ஸ்பெக்டர் அதற்குப் பின்னால் பார்த்தார். பக்கவாட்டில் பார்த்தார். "அந்த மாட்டு வண்டியை ஓரம் கட்டச் சொல்லுங்கள். ரயில் வருகிற வழியில் நிற்கிறது" என்றார்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வது? இணைப்பு வண்டி வந்தால் மணியடிக்க வேண்டும் என்பது விதி. தொங்கிக்கொண்டிருந்த தண்டவாளத் துண்டில் மூன்று தட்டுத் தட்டினேன். "கம்பம் வண்டி வந்தாச்சு" என்று கூவினேன்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். மயிலைக்காளை மேல் ஆபீஸ் அனுப்பிய தொட்டியில் தண்ணீர் குடிக்கத் தொடங்கியிருந்தது.

"இதுவா?"

"ஆமாங்க."

ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லி, ஜங்ஷன் பெஞ்சில் உட்கார்ந்து புரட்டினார். "இது யார் கையெழுத்து?"

"என்னுதுதாங்க."

"இந்தக் கட்டத்தில் இணைப்பு ரயில் வந்த நேரம் என்று அச்சடித்திருக்கிறது. ஒன்றரை வருஷமாகப் பொய் எழுதியிருக்கிறாய்."

"எனக்கு இங்கிலீசு வராதுங்க. வண்டி வந்த நேரம்னு சொன்னாக. வண்டி வந்துச்சு, எழுதினேன். ஒரு நிமிசங்கூட மாத்தி எழுதலங்க."

"உன்னை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்புகிறேன்" என்று பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைத் திருகினார். குவார்ட்டர்ஸ் வாசலில் பொன்னுத்தாயி நிற்பது தெரிந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அப்போதுதான் தேவசகாயம் ஐயா ஃபைலோடு வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. "ஸார் எழுதறதுக்கு முன்னால, இதெல்லாம் சேத்து எழுதுனா வசதியா இருக்கும்" என்று ஒவ்வொரு காகிதமாக எடுத்து நின்றபடியே படித்தார். "டிரைவருக்கு முதல் எச்சரிக்கை. இது ஸாரோட கையெழுத்து. தண்ணீர்த் தொட்டிக்கு சிபாரிசு. இதுவும் ஸாரோட கையெழுத்து. டிரைவருக்கு சீருடை அளவு கேட்டது. இதுவும்."

பேனா அந்தரத்திலேயே நின்றது. இல்லாத ரயிலைப் பற்றி எழுதியவனை வீட்டுக்கு அனுப்பலாம். இல்லாத ரயிலை எச்சரித்தவரை என்ன செய்வது? அந்தக் கேள்வி அவர் முகத்தில் மெதுவாக ஏறுவதை நான் பார்த்தேன். எனக்கு அவர்மேல் பாவமாகக்கூட இருந்தது. பயந்த முகம் எனக்குப் பழக்கமானது.

"யாருலே இந்த ஐயா? வெயில்ல ஒக்காந்திருக்காக" என்று வீராயி அக்கா வண்டியிலிருந்தே கேட்டது. "வீரபாண்டிக்கா? ஏறச் சொல்லு, எடம் இருக்கு."

இன்ஸ்பெக்டர், ஸ்டேஷனைப் பார்வையிட்டவர்கள் குறிப்பு எழுதும் புத்தகத்தை வாங்கி எதையோ எழுதினார். எழுந்து வண்டிப் பக்கம் போனார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நீங்கள்தான் வீரையாவா?"

"வீராயி."

"இனிமேல் தாமதமாக வரக்கூடாது. நேரில் எச்சரிக்கிறேன்."

"ஒங்க வண்டி இன்னைக்கு நேரத்துக்கா வந்துச்சு?" என்றது அக்கா.

அவர் திரும்பிப்போய் ரயிலில் ஏறிக்கொண்டார். நான் பச்சைக் கொடி காட்டினேன். ரயில் போன பிறகு மாஸ்டர் புத்தகத்தைப் படித்துத் தமிழில் சொன்னார்: "கம்பம் இணைப்பு வண்டியை நேரில் பார்வையிட்டேன். ஓடுகிறது. தாமதம் உண்டு. டிரைவரை எச்சரித்தேன்."

"அப்ப என் வேலை?"

"ஓடுதுன்னு எழுதிருக்காரே வே. ஓடுற வண்டிக்கு நேரம் எழுத ஆள் வேணும்லா."

இப்படிச் சில வருஷம் போயிற்று. பிறகு யுத்தம் வந்தது. யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று எங்கள் பாதையை மூடி, தண்டவாளத்தைப் பிடுங்க உத்தரவாயிற்று. எந்தெந்த வண்டிகள் ரத்து என்று பட்டியல் வந்தது. ரத்தான ஸ்டேஷன்களில் வெளியூர் மாற்றல் கிடைத்தவர்கள் போகலாம், மற்றவர்களுக்கு வேலை இல்லை. மாஸ்டருக்கு மாற்றல் கிடைத்தது. என் பெயர் மற்றவர்களில் இருந்தது. எனக்கு அப்போது இரண்டு பெண் குழந்தைகள்.

தேவசகாயம் ஐயா பட்டியலை எழுந்து நின்று இரண்டு முறை படித்தார். "வே சீனி, இதுல கம்பம் வண்டி ரத்துன்னு இல்லையே" என்று என்னிடம் சொன்னார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றே உட்கார்ந்து எழுதினார்: கம்பம் இணைப்பு வண்டி ரத்தாகவில்லை, அது ஓடுவதாக இன்ஸ்பெக்டரின் கையெழுத்து இருக்கிறது, வண்டி வருகிற ஸ்டேஷனை ஆளில்லாமல் விடலாமா? பத்து நாளில் பதில் வந்தது. மேல் ஆபீஸில் அப்போது யுத்த அவசரம். யார் படித்தார்களோ, யார் கையெழுத்துப் போட்டார்களோ. கம்பம் வண்டி ஓடும் வரை ஒரு பாயிண்ட்ஸ்மேன் இருக்கலாம். வாராவாரம் ரிஜிஸ்டர் நகல் அனுப்ப வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் வண்டி வராவிட்டால் ஸ்டேஷன் மூடப்படும், பாயிண்ட்ஸ்மேன் நீக்கப்படுவார்.

மாஸ்டர் தன் கோட்டுப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு கடைசி ரயிலில் போனார். "ஒரு நிமிஷம் கூடக் கொறச்சு எழுதாதீரும்" என்று மட்டும் சொன்னார்.

போடிப் பக்கமிருந்து ஆட்கள் பிடுங்கிக்கொண்டே வந்தார்கள். பாயிண்டைப் பிடுங்கினார்கள். நான் பூட்டியிருந்த பூட்டோடு பிடுங்கினார்கள். மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டையும் விடவில்லை. தொட்டியில் கைவைத்தபோது, "அது கம்பம் வண்டிக்கு உள்ளது, ஒங்க லிஸ்ட்ல இல்ல" என்றேன். மேஸ்திரி லிஸ்டைப் பார்த்தார். இல்லை. விட்டுவிட்டுப் போனார்.

வீராயி அக்காவிடம் போய் நின்றேன். ரயில் நின்றதிலிருந்து அக்காவுக்கு ஓய்வே இல்லை. போடி ஏலக்காய் வியாபாரிகளெல்லாம் வண்டி வண்டி என்று பறந்தார்கள். வீரபாண்டியிலிருந்து நேரே போடி ரோட்டுக்கு ஏற அக்காவுக்கு வேறு வழி இருந்தது. எங்கள் ஸ்டேஷனுக்கு வருவதென்றால் இரண்டு மைல் சுற்று. ஏறவோ இறங்கவோ அங்கே யாரும் கிடையாது.

"அக்கா, மூணு நாள் நீங்க வரலைன்னா என் வேலை போயிரும்."

"ரயிலே இல்லாத ஸ்டேசனுக்கு நான் எதுக்குலே வரணும்?"

கையிலிருந்த மேல் ஆபீஸ் கடிதத்தை எடுத்து நீட்டினேன்.

"பாப்பம், போ" என்றது அக்கா.

மறுநாள் காலை சீருடையைத் துவைத்து மடித்ததைப் போட்டுக்கொண்டேன். ரிஜிஸ்டரைத் திறந்து வைத்தேன். வண்டி ஏழு நாற்பதுக்கு வர வேண்டும். ஏழேகாலுக்கே அது வராது என்று நான் முடிவு செய்துவிட்டேன். தேவதானப்பட்டிக்கு யார் கையில் சொல்லி அனுப்புவது, மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பொன்னுத்தாயி சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு புளியமரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழு முப்பத்தெட்டுக்குச் சலங்கைச் சத்தம். அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்த வண்டி நேரத்துக்கு முன்னால் வந்தது. உள்ளே மூன்று வியாபாரிகள், மூட்டைகளோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"வந்துட்டீகளாக்கா" என்றேன்.

"வராட்டி ரத்துன்னு எழுதிருவேல்ல? நான் என்னைக்குலே ரத்தானேன்? எல்லாத்தையும் நிறுத்துனவகளே என்னைய நிறுத்தல." மாட்டைத் தொட்டிப் பக்கம் திருப்பிவிட்டு, ஜல்லி மட்டும் நீளமாகக் கிடந்த பாதையைப் பார்த்தது. "எங்க ஒன் வண்டி?"

"லேட்டுக்கா."

"எம்புட்டு நேரம் நிக்கணும்?"

தெரிந்ததுதான். ஆனாலும் சந்தேகம் வந்து முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். "பத்து நிமிசம்."

"தண்டவாளமே இல்லையேம்மா, எதுக்கு இங்கன நிக்கிற?" என்று ஒரு வியாபாரி உள்ளேயிருந்து கேட்டார்.

"சட்டம்யா. சும்மா ஒக்காருங்க" என்றது அக்கா.

நின்றார்கள். மயிலைக்காளை தண்ணீர் குடித்துவிட்டு இங்கிட்டு ஒரு தரம் அங்கிட்டு ஒரு தரம் பார்த்தது. அக்கா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு தேனிப் பக்கம் பார்த்தது. வியாபாரிகளும், வேறு வழியில்லாமல், ஒவ்வொருவராக அந்தப் பக்கம் திரும்பினார்கள். நானும் பார்த்தேன். வந்துவிடுமோ என்றுகூட ஒரு கணம் பயமாக இருந்தது.

பத்து நிமிஷம் ஆனதும் ரிஜிஸ்டரில் எழுதினேன்: கம்பம் வண்டி வந்த நேரம் 7.38. புறப்பட்ட நேரம் 7.48. தாமதத்துக்குக் காரணம், மெயின் வண்டி வரவில்லை. கையெழுத்துப் போட்டு, கடிகாரத்தை மூன்று முறை பார்த்துவிட்டு, பச்சைக் கொடியை விரித்தேன்.